ஆறாம் நம்பர் மலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

எனக்குச் சினிமாவில் வேலை கிடைத்தபோது வயது ஐம்பத்திரண்டு. நடிக்கிற வேலை இல்லை, எழுதிவைக்கிற வேலை.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலை ஆறரை மணியிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். மாலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். இடைப்பட்ட நேரத்தில் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எது தூங்கியது, எது எதைக் கடித்தது என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவேன். மேலிடத்தில் கேட்பது வரவும் எடையும்தான். மீதியெல்லாம் என் பழக்கம். வீட்டில் தனியாக ஒரு டயரியும் உண்டு. அதில் மழை, பஸ், விருந்தாளி, தலைவலி.

தலவாக்கலையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் பதினைந்து வருடங்களாக நடந்த கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் அவர் கேமராவுக்குள்தான் இருக்கின்றன. காம்பராவில் நடந்த சிறுவர் விழாவைப் படம் பிடிக்க வந்தவர், விழா முடிந்து டீ வருவதற்குள் மேசையில் கிடந்த என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்தப் பிள்ளை பத்தே காலுக்கு வலது கால் செருப்பத் தொலைச்சிருச்சுன்னு எழுதியிருக்கீங்க.”

“பத்து நாப்பதுக்குக் கெடைச்சிருச்சு. அடுத்த வரியப் பாருங்க.”

அவர் அடுத்த வரியைப் பார்த்தார். பதிவேட்டை மூடினார். “நான் ஒரு படம் எடுக்கப் போறேங்க. சின்னப் படம்தான், இருபது நிமிசம். அதுக்கு நீங்க வேணும்” என்றார்.

படத்தைக் கதை போகிற வரிசையில் எடுப்பதில்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றுவது இன்றைக்கு, அதே ஆள் அடுத்த நொடியில் உள்ளே காலடி வைப்பது அடுத்த வாரம். இடையில் செருப்பு மாறிவிடக்கூடாது, முடி வளர்ந்துவிடக்கூடாது, இடது கையில் இருந்த குடை வலது கைக்குப் போய்விடக்கூடாது. இதையெல்லாம் பார்த்துக் குறித்துவைக்க ஒருவர் வேண்டும். பெரிய படங்களில் அதற்கென்றே ஆள் வைப்பார்களாம். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. முன்பே தெரிந்திருந்தால் சென்னைக்கே போயிருப்பேன்.

சிறுவயதில் நான் படம் பார்த்தது பெரும்பாலும் கோயில் திருவிழாவில். மைதானத்தின் நடுவே இரண்டு மூங்கிலில் வேட்டி கட்டிப் படம் ஓட்டுவார்கள். முன்பக்கத்தை ஆண்களும் கங்காணிமார் குடும்பங்களும் பிடித்துக்கொள்வார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் பின்பக்கம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ் இல்லை, இடம் வலம் மாறி இருக்கும். கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவான், சட்டைப் பை வலப்பக்கம் இருக்கும், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல் வரும். கதையைவிட இதைச் சரிபார்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலை. பிறகு நகரத்துத் தியேட்டரில் முதல்முறை முன்பக்கத்திலிருந்து பார்த்தபோது, சட்டைப் பை இடது பக்கம் இருந்தது எனக்கு மிகுந்த நிம்மதி தந்தது. அந்தத் தியேட்டரில் இப்போது தகரமும் பெயின்டும் விற்கிறார்கள்.

வீடியோக்காரருக்குப் பணத்தைப் பற்றியோ பரிசைப் பற்றியோ பயம் இல்லை. அவருடைய பயம் வேறு.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. டி.வி.யில் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த பாட்டு எது வந்தாலும், பார்த்தவர் சுவரைத் தட்டிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவார். அவர் அடுத்த சுவரைத் தட்டுவார். பாட்டு முடிவதற்குள் லயம் முழுக்க டி.வி. முன்னால் நிற்கும். பார்ப்பது ஆட்டத்தை இல்லை, கொழுந்து எடுக்கிற கையை.

“முத்தின கரட்டு இலையப் புடுங்குறா பாரு.”

“கூடைய ஒத்தத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிறா. கடைக்குப் போறாளா, மலைக்குப் போறாளா?”

“இவளுக்கு அரைப்பேரு போடு.”

எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரை நாள் வேலைதான் செய்தார் என்று எழுதுவதற்குத்தான் அரைப்பேர் என்று பெயர். பெரிய பெரிய கதாநாயகிகள் எல்லாம் எங்கள் லயத்தில் அரைப்பேர் வாங்கியிருக்கிறார்கள். பாட்டில் அவர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று சிரிக்கிற பெண்கள் மட்டும் சரியாக எடுப்பார்கள். அவர்கள் எங்களைப் போன்ற யாரோ. அவர்கள் முகம் ஒரு நொடிக்கு மேல் தெரியாது.

சினிமா எங்களைச் சும்மா விட்டதும் இல்லை. இப்போது கல்யாண ஜோடிகள் கொழும்பிலிருந்துகூட வந்து எங்கள் மலையில் மெதுவாக ஓடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேலை செய்துகொண்டிருக்கும் பெண்களைப் பார்த்து, அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கச் சொல்கிறார்கள். இப்படிப் பல ஜோடிகளை எடுத்துக் கொடுத்தவர்தான் நம் வீடியோக்காரர். அதனாலேயே அவருக்கு வெட்கம்.

“நம்ம பொம்பளைங்க பார்த்துச் சிரிச்சிட்டாங்கன்னா போச்சுக்கா. எங்க போட்டுக் காட்டினாலும் காட்டாட்டியும் ஒண்ணுதான். இந்தப் படம் அவங்க முன்னால நிக்கணும்” என்றார். நான் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

கதை எளிது. கொழுந்தெடுக்கும் ஒரு தாய். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடம். ஒருநாள் மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டதாக மகள் போன் செய்கிறாள். தாய் கூடையைப் போட்டுவிட்டு மலையில் ஓடுகிறாள். பிறகு வீடு, மகள், சாப்பாடு.

தாயாக நடித்தவர் எங்கள் மேல் லயத்துக்காரி. முப்பது வருடமாகக் கொழுந்தெடுப்பவர், என்னைவிட நாலு வயது இளையவர். வாய் நீளம். வசனத்தை எழுதிக் கொடுத்தபோது, “இத நான் பேசணுமா? இந்த மாதிரி பேசினா எம் மகளே ராங் நம்பர்னு வச்சிருவா” என்று திருப்பிக் கொடுத்தார். அவரையே பேசவிட்டார்கள்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அனுமதி கொடுத்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும். வேலை நாளில் மலைக்குள் கேமரா வரக்கூடாது என்று கண்டிப்பு. முதல் ஞாயிறு காலை 8.20க்கு நாங்கள் ஆறாம் நம்பர் மலையில் நின்றோம். வீடியோக்காரர், கதாநாயகி, கூட நடிக்க ஐந்து பெண்கள், காவலுக்குக் கங்காணி, நோட்டுடன் நான்.

நான் எழுதியதில் கொஞ்சம்: தலைத்துணி சிவப்புக் கட்டம், முடிச்சு பின்னால் இடப்பக்கம். இடுப்பில் கட்டிய கறுப்புப் படங்குத் துணியில் முழங்காலுக்கு நேரே ஒரு கிழிசல், தைத்த நூல் வெள்ளை. கூடைக் கயிறு நெற்றிக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில். வளையல் வலது கையில் மூன்று, இடது கையில் இல்லை. போன் ஜாக்கெட்டுக்குள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி.

எல்லாம் சரியாக இருந்தது. சிக்கல் கையில்தான் வந்தது. முதல் தடவை எடுத்ததும் வீடியோக்காரர், “நல்லாருக்கு, இன்னொரு தடவ” என்றார். பெண்கள் பழைய இடத்துக்கு வந்து நின்றார்கள். செடியில் கொழுந்து இல்லை. ஆறு பேரும் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டிருந்தார்கள்.

“எடுக்கிற மாதிரி நடிங்கம்மா. நெசமாவே எடுக்காதீங்க.”

“மாதிரின்னா எப்பிடி?”

“கைய மட்டும் கொண்டு போங்க. ஒடிக்காதீங்க.”

அவர்கள் முயன்றார்கள். கையைக் கொண்டு போனார்கள். கொழுந்து ஒடிந்தது. “நான் ஒடிக்கலீங்க தம்பி, அதுவா வந்துருச்சு” என்றார் ஒருவர். மெதுவாகச் செய்து காட்டச் சொன்னதும் எல்லோருக்கும் விரல் தடுமாறிவிட்டது. அதைப் பார்த்து அவர்களுக்கே சிரிப்பு. கடைசியில் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நிரை தள்ளிப் போவது என்று முடிவாயிற்று. ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு போக வேண்டிய செடி வரிசைதான் நிரை. பதினொரு டேக்கில் மலையின் ஒரு மூலை மொட்டையாகிவிட்டது. எடுத்த கொழுந்தைக் கங்காணி சாக்கில் கட்டி ஃபேக்டரிக்கு அனுப்பினார். “படம் ஓடுதோ இல்லியோ, டீ வந்துரும்” என்றார்.

மதியம் 1.50க்குப் போன் வரும் காட்சியைத் தூரத்திலிருந்து எடுத்து முடித்தோம். தாய் போனை எடுக்கிறார், காதில் வைக்கிறார். அடுத்து முகத்தை அருகில் எடுத்து, அவர் ஓடுவதையும் எடுக்கவேண்டும். 2.05க்குப் பனிமூட்டம் இறங்கியது. எதிரே நின்றவரின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. மீதியை அடுத்த ஞாயிறு என்று வைத்தோம்.

அடுத்த ஞாயிறு கொழுந்து இதே அளவு இருக்குமா என்று வீடியோக்காரர் என்னிடம்தான் கேட்டார். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். ஏழு நாளுக்கு ஒருமுறை இந்த மலையில் எடுப்பார்கள். போன திங்கள் எடுத்தார்கள், நாளைத் திங்கள் எடுப்பார்கள், அதற்கடுத்த திங்களும் எடுப்பார்கள். ஆகவே இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் செடிக்கு ஆறு நாள் வளர்ச்சி. சமம். இதை எழுதி, இரண்டு ஞாயிற்றையும் கோடு போட்டு இணைத்தும் காட்டினேன். அவர் மகிழ்ந்துபோனார். நானும்தான்.

இரண்டாவது ஞாயிறு, காலை 8.10. மேட்டில் ஏறி ஆறாம் நம்பர் மலையைப் பார்த்தேன். மேசை போல் மட்டமாக இருந்தது. இளம்பச்சை என்று ஒரு துளி என் கண்ணில் படவில்லை. எல்லாம் கரும்பச்சை.

வீடியோக்காரர் கேமராப் பெட்டியைக் கீழே வைத்தார். “என்னக்கா இது?”

எனக்கு முன்பே கதாநாயகி பதில் சொன்னார். “நேத்து எடுத்துட்டோமுல்ல. செவ்வாய், புதன் மழை, பொறவு நல்ல வெயிலு. கொழுந்து தள்ளிக்கிட்டு வந்துருச்சு. அஞ்சு நாள்லயே எடுக்கச் சொல்லிட்டாரு மலை வேலையப் பார்க்கிற கண்டாக்கு ஐயா.”

“நீங்கதான் எடுத்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லணும்னு தோணலீங்க. எங்க மச்சான் மக கல்யாணத்த நீங்கதானே எடுத்தீங்க. பொண்ணு மாப்பிள்ளை லிந்துலையில நின்னாங்க, ஆல்பத்துல பின்னால சுவிஸ் பனிமலை வந்துச்சு. மலையவே வைக்கிறவரு கொழுந்த வைக்கமாட்டாரான்னு இருந்துட்டோம்.”

மற்றவர்களும் அதையேதான் நினைத்திருந்தார்கள். வீடியோக்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

என் நிலைமை அதைவிட மோசம். பதிவேட்டில் ஒவ்வொரு தாயும் அன்று எந்த மலையில் வேலை செய்கிறார் என்று எழுதுவேன், குழந்தைக்கு ஏதாவது என்றால் ஆள் அனுப்ப வேண்டும் அல்லவா? சனிக்கிழமைப் பக்கம் எனக்கு மனப்பாடமாக நினைவுக்கு வந்தது. “ஆறாம் நம்பர் மலைத் தாய்மாரின் பிள்ளைகள்: ஒன்பது.” என் கையெழுத்து. அடியில் கோடு வேறு. அது காம்பரா நோட்டில் இருந்தது, படத்தின் நோட்டு என் பையில் இருந்தது. ஒன்பது பிள்ளைகளையும் நாள் முழுக்கக் கண் முன்னால் வைத்துக்கொண்டு, வளையல் மூன்று, முடிச்சு இடப்பக்கம் என்று மறுநாளுக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“தப்பு என்னோடதுங்க” என்றேன்.

“உங்களத் திட்டி என்னக்கா செய்ய” என்றார் அவர். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு விட்டால் அனுமதி முடிந்துவிடும். கங்காணி ஒரு யோசனை சொன்னார். “ஏழாம் நம்பர் மலையில கொழுந்து நிக்குது. அங்க எடுத்துரலாமே.”

“அங்கேருந்து பார்த்தா கோயிலு வலப்பக்கம் தெரியுமே” என்றார் ஐந்து பெண்களில் ஒருவர். “இங்க இடப்பக்கம். பார்க்கிறவங்களுக்குக் கண்ணு இல்லையா?” அவரே பார்க்கப்போகிறவர்களில் ஒருவர் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கதாநாயகி கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இன்னைக்கு நான் என்னதான் செய்யணும்? அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார்.

வீடியோக்காரர் அலுப்புடன் சொன்னார். “போன் வருது. மக வந்து எறங்கிட்டா. சந்தோசத்துல கூடையப் போட்டுட்டு நீங்க மலையில எறங்கி ஓடுறீங்க.”

“எந்த ஊர்ல?”

“ஏன்?”

“கூடையப் போட்டுட்டு ஓடினா கொழுந்த யாரு அள்றது? அதுவும் இந்தச் சரிவுல. வெட்டி விட்ட கவ்வாத்துக் குச்சி கால்ல ஏறினா, மக வந்து என்னைய ஆசுபத்திரியிலதான் பார்க்கணும்.”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வீடியோக்காரர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான்.

“அப்ப சந்தோசமா இருக்கமாட்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏன் இருக்கமாட்டேன்? நிரைய முடிச்சிட்டு சந்தோசமா இருப்பேன்.” வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். “போன வருசம் எம் மக குவைத்துலேருந்து வந்தா. இதே மாதிரி மலையிலதான் போன் வந்துச்சு. வந்துட்டேம்மான்னா. சரிம்மா, பையப் பத்திரமா பார்த்துக்கன்னுட்டு வச்சிட்டேன். அப்பறம் நிரைய முடிச்சேன். பக்கத்து நிரையிலயும் பாதிய எடுத்துக் குடுத்தேன். கை நிக்கமாட்டேன்னுருச்சு. எல்லாம் முடிஞ்சு ரோட்டுக்கு வந்து கூடைய எறக்கி வச்ச பொறவுதான் அழுதேன்.”

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“நீங்க கேக்கலியே. படத்துல ஓடத்தான் செய்வாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் ஓடுறாங்களே.”

வீடியோக்காரர் மலையைப் பார்த்தார். பிறகு என் நோட்டை வாங்கிப் போன வாரப் பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் மலையைப் பார்த்தார். எழுந்து நின்றபோது வேறு ஆளாக இருந்தார்.

“போன் வர்றப்ப செடியெல்லாம் கொழுந்து. அடுத்த ஷாட்டுல மலை மொட்டை. நடுவுல ஒண்ணுமே வேணாங்கா. முடிச்சிட்டு நிக்கிறாங்கன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிரும்.”

நான் படம் பார்க்க ஆரம்பித்து நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும். இரண்டு படத்துண்டுகளுக்கு இடையே எதுவுமே காட்டாமல் ஒரு நாள் வேலையைக் காட்டிவிடலாம் என்பது அன்று காலை 9.05க்குத்தான் எனக்கு விளங்கியது.

இப்போது வேறொன்று தேவைப்பட்டது. நிரையை முடித்தவரின் கூடை நிறைந்திருக்க வேண்டும், மலையிலோ கூடை நிறையக் கொழுந்து இல்லை. நான் கீழே இறங்கிக் காம்பராவைத் திறந்து, பிள்ளைகளின் சின்னத் தலையணைகள் நாலை எடுத்துவந்தேன். பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் எடுத்தேன். அவற்றைக் கூடையில் திணித்து, கங்காணியின் அனுமதியோடு ஏழாம் நம்பர் ஓரத்திலிருந்து கொழுந்து கொண்டுவந்து மேலே பரப்பினோம்.

“அம்மா, கூடை லேசா இருக்கும். பாரமா இருக்கிற மாதிரி கொஞ்சம்…” என்று வீடியோக்காரர் ஆரம்பித்தார்.

“அத எனக்குச் சொல்லித் தரப்போறீங்களா?” என்றார் அவர்.

மூன்று டேக்கில் முடிந்தது. மொட்டை மலைக்கு முன்னால் அவர் நடந்துவந்து, கூடையை இறக்கி, தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணீரை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் கடைசியில், “முகம் ஈரம், மழை இல்லை” என்று குறித்தேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை காம்பராவிலேயே படத்தைப் போட்டார்கள். கல்யாண மண்டபங்களுக்குக் கொண்டுபோகும் புரொஜெக்டர், சுவரில் என் வெள்ளைப் படுக்கை விரிப்பு. 6.10க்கு ஆரம்பம். பெண்கள் நாற்பத்தொரு பேர், பிள்ளைகளை எண்ண முடியவில்லை, ஓடிக்கொண்டே இருந்தார்கள். வீடியோக்காரர் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

முதலில் கைகள் வந்தன. முன்வரிசை உற்றுப் பார்த்தது. “ரெண்டு இலையும் மொட்டுந்தான் எடுக்குறா” என்றது ஒரு குரல். வேறு பேச்சு இல்லை. போன் வந்தது. “சரிம்மா, பையப் பத்திரமா பார்த்துக்க” என்றது பிறகு பதிந்து சேர்த்த அவர் குரல். யாரோ மூக்கை உறிஞ்சினார். அடுத்து மலை மொட்டையாயிற்று. கதாநாயகியின் முகம் விரிப்பில் பாதியை நிறைத்தது. வீடியோக்காரர் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்று கங்காணி எழுந்தார்.

படம் நின்றது. கங்காணி விரிப்புக்குப் பக்கத்தில் போய், கதாநாயகியின் காதுக்குப் பின்னால் விரலை வைத்தார். “இந்தா, மூணாவது நிரை. பாதிக்கு மேல நுனி அப்பிடியே நிக்குது. அந்தச் சனிக்கிழமை இங்க எடுத்தது யாரு?”

“நான் இல்ல, நான் ரோட்டுப் பக்கம்.”

“நீ ரோட்டுப் பக்கமா? அங்க நானுல்ல நின்னேன்.”

“மத்தியானத்துக்குப் பொறவு என்னைய மேல அனுப்பிட்டாங்க, கேட்டுப் பாருங்க.”

“எம் மூஞ்சிய யாராவது பாருங்கடி” என்றார் பின்னால் இருந்து கதாநாயகி. யாரும் பார்க்கவில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் சனிக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீடியோக்காரர் குனிந்து என் காதோரம் கேட்டார். “அக்கா, சிரிக்கலதானே?”

“இல்லைங்க. சண்டை போடுறாங்க.”

அவர் சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் பாய்தான் கிடைத்தது. நாலு நிமிடத்துக்குப் படம் நின்றபடியே இருந்தது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒருவர் கங்காணியின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“போதும், ஓட விடுங்க தம்பி. அந்தப் புள்ள ஏர்போர்ட்லேருந்து வந்து சேர வேணாமா?”